சேர்ந்து வரைந்தால் ஓட்டை தெரியும்

நீரிழிவு உள்ள ஓர் அம்மா, எழுபது வயதைக் கடந்தவர். பிரித்தானியாவில் நாம் பணிபுரியும் குடும்ப வைத்திய நிலையத்தில் வழமையான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். சிறுநீரகத்தின் செயற்பாடு மிகவும் குறைந்திருந்தது. முடிவைப் பார்த்த வைத்தியர், "நோயாளி வந்து சந்திக்க வேண்டும்" என்று கணினியில் பதிந்தார். வரவேற்பாளர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்று தாதி இருந்துவிட்டார். கடிதம் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடந்தது. சிறுநீரகம் வடிகட்டும் அளவு 30இற்குக் கீழே போனால் மெற்போமின் குளிசையை நிறுத்த வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டல். அந்த அம்மாவோ நான்கு கிழமைகளாக அதை ஒழுங்காக எடுத்து வந்தார். கடைசியில் வாந்தியும் களைப்புமாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். நல்லவேளையாகச் சுகமாகித் திரும்பினார்.

யாருடைய பிழை என்று தேடினோம். எல்லோரும் தத்தம் வேலையைச் செய்திருந்தார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில்தான் அந்த முடிவு தவறி விழுந்திருந்தது.

ஒரு மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் நீளமான காகிதத்தை ஒட்டினோம். வரவேற்பாளர்கள், தாதிகள், மருந்தாளர், செயலாளர், வைத்தியர்கள் என எல்லோரும் நின்றோம். இரத்தம் எடுப்பது முதல் நோயாளிக்குச் செய்தி சேருவது வரை ஒவ்வொரு படியையும் சிறு தாளில் எழுதி வரிசையாக ஒட்டினோம். நடக்க வேண்டியதை அல்ல, உண்மையில் நடப்பதையே எழுத வேண்டும் என்பதுதான் விதி.

வேலையைப் படிப்படியாக வரைந்து பார்க்கும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியினர் 1921இலேயே இதைப் பொறியியலாளர்கள் முன் வைத்தார்கள்.

எம்மிடம் ஏற்கெனவே ஒரு நடைமுறைக் கோவை இருந்தது. வைத்தியர்கள் நாமே எழுதியது. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் உண்மையில் நடப்பது அதில் இல்லை. அன்று எல்லோரிலும் இளையவரான வரவேற்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வந்து சந்திக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால், நாளைக்கா அடுத்த மாதமா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" வைத்தியர்கள் வாயடைத்து நின்றோம்.

இப்போது எத்தனை நாளுக்குள் என்பதையும் வைத்தியர் எழுத வேண்டும். அவசரமானால் கடிதம் இல்லை, தொலைபேசிதான். நோயாளியின் மொழியும், உதவும் பிள்ளையின் இலக்கமும் பதிவில் உண்டு. வந்து சேராதவர்களின் பட்டியலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குறித்த ஒருவர் பார்க்கிறார்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று சக வைத்தியர்கள் சிலர் சொல்வதுண்டு. எமக்குச் செலவானது ஒரு மணித்தியாலம். அந்த அம்மா வைத்தியசாலையில் கிடந்தது ஆறு நாட்கள். உண்மையான தடை நேரமல்ல, மரியாதை பற்றிய எமது எண்ணம். "டொக்டர் சொன்னால் சரி" என்று வளர்ந்தவர்கள் நாம். 1995இல் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது மருத்துவ மாணவர்களாக முகாம்களில் நின்றோம். வரிசை எங்கே அடைபடுகிறது என்பதைத் தண்ணீர் சுமந்த தொண்டர்கள் எமக்கு முன்னரே கண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்க வேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் கடைசியில் பேசினால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள் என்பது எமது உறுதியான கருத்து.

இது வைத்திய நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. அம்மாவின் மருந்தை மகன் வாங்குகிறார், மகள் பெட்டியில் அடுக்குகிறார், மருமகள் எடுத்துக் கொடுக்கிறார். வைத்தியசாலையில் அளவு மாற்றிய கடிதமோ கைப்பையிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு தாளுடன் இருங்கள். அம்மாவையும் கட்டாயம் இருத்துங்கள். ஒவ்வொரு படிக்கும் மூன்று கேள்விகள்: யார் செய்வது? எப்போது? செய்ததை அடுத்தவர் எப்படி அறிவார்? பதில் இல்லாத இடம்தான் ஓட்டை.

இன்னுமொன்று. பரிசோதனைக்குப் பின் எவரும் அழைக்கவில்லை என்றால், எல்லாம் நல்லபடி என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அழைத்துக் கேளுங்கள். கேட்பது தொல்லையல்ல, அதுவும் இந்த வேலையில் ஒரு படிதான்.