30 லட்சமும் 14.20 கோடியும்

ஐபிஎல் அணிகள் வீரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் டிரேட் காலம் பிறந்துவிட்டால், ஆகுர்டியின் கல்லூரி வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் மராத்தி மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மொழி பேசத் தொடங்கிவிடுகின்றனர். அது சந்தை மொழி. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைப் பெற்ற நாள் முதல், அந்த மொழியின் எழுவாயாக நிற்பவர் விராரைச் சேர்ந்த ஆயுஷ் மாத்ரே. வாதம் எளிமையானது. தொடக்க ஆட்டக்காரராகச் சாம்சன் வந்துவிட்டார். அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் இருக்கிறார். உர்வில் படேலும் இருக்கிறார். இருப்பவை இரண்டே இடங்கள் என்னும்போது பதின்ம வயதினர் ஒருவரை வெளியே உட்காரவைத்திருப்பானேன்? மதிப்பு உயர்ந்திருக்கும்போதே கைமாற்றினால் நல்ல பந்துவீச்சாளர் ஒருவராவது கிடைப்பாரே என்கின்றனர்.

இவ்வாதம் பிழைபடுவது 'மதிப்பு' என்ற சொல்லிலேயே. தமிழில் விலை வேறு, மதிப்பு வேறு. விலை பொருளுக்கு உரியது. மதிப்பு மனிதருக்கும் உரியது. ஏலச் செய்திகளில் 'விலைபோகாத வீரர்கள்' என்று தலைப்பிடும் நாளிதழ்கள் இவ்வேறுபாட்டை எப்போதோ கைவிட்டுவிட்டன. நேர்மையானவரைப் பாராட்ட 'விலைபோகாதவர்' என்று சொன்ன சமூகத்தில், ஏலத்தில் கை உயராத இளைஞரைக் குறிக்கவும் அதே சொல் பயன்படுவதை எவரும் முரணாக உணர்வதில்லை.

மொழியியல் மாணவர்களுக்குச் சொசூரின் நாணய உவமை நினைவிருக்கும். ஐந்து பிராங்கு நாணயத்தைக் கொண்டு ரொட்டி வாங்கலாம்; அதே நாணயத்தை ஒரு பிராங்கு நாணயத்தோடு ஒப்பிடலாம். வேறுபட்டதற்கு ஈடாக மாற்ற முடிவதும், ஒத்ததோடு ஒப்பிட முடிவதும் சேர்ந்தே மதிப்பாகிறது. ஓர் உறுப்பின் மதிப்பு அதன் உள்ளே புதைந்திருக்கவில்லை; சூழ நிற்கும் பிற உறுப்புகளால் அது வரையறுக்கப்படுகிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களே தேநீர்க் கடைக்கு வந்ததும், மாத்ரேயின் மதிப்பு அவர் மட்டையில் அச்சிட்டிருப்பதைப் போல் பேசுகின்றனர்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2025 பருவத்தின் நடுவில் கெய்க்வாட் காயத்தால் விலக, அவருக்கு மாற்றாக 17 வயது மாத்ரே 30 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தமானார். மே 3 அன்று பெங்களூருவில் 214 ஓட்ட இலக்கைத் துரத்தியபோது அவர் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை இரண்டே ஓட்டங்களில் தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஏலத்தில், அதே சென்னை அணி, அதுவரை ஐபிஎல் போட்டி எதிலும் ஆடியிராத பிரசாந்த் வீரையும் கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடிக்கு வாங்கியது. அவ்விருவரின் திறமையை ஐயுறுவதற்கில்லை. ஆனால் ஒருவர் மற்றவரைவிட நாற்பத்தேழு மடங்கு சிறந்த ஆட்டக்காரர் என்று எவரும் நம்பமாட்டார். விலையை முடிவுசெய்தவை வேறு: கையிருப்புத் தொகை, ஜடேஜா விட்டுச்சென்ற வெற்றிடம், எதிரே கை உயர்த்திய போட்டி அணி, ஒருவர் ஏலத்தின் வழியே வந்தார், மற்றவர் காயத்தின் வழியே வந்தார் என்ற தற்செயல். இவ்வெண்கள் அளப்பது காலியிடத்தை, ஆளையன்று.

இதை ஆகுர்டிக்காரர்களுக்கு விளக்க வெளியூர்ச் சான்று தேவையில்லை. கெய்க்வாட் வளர்ந்த பழைய சாங்வியும், அவர் பயின்ற வெங்சர்க்கார் அகாடமி இருக்கும் தேர்காவும் ஆகுர்டி அடங்கிய அதே பிம்ப்ரி–சிஞ்ச்வாட் மாநகராட்சிக்குள்தான் உள்ளன. 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்துக்குச் சென்னை அவரை எடுத்தது. வாட்சன், டூ பிளெஸ்ஸி, ராயுடு, ரெய்னா, தோனி என முப்பதைக் கடந்தவர்களால் நிரம்பிய அணி அது. 2019 முழுவதும் கெய்க்வாட் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 2020இல் ரெய்னா விலகியபோது கதவு திறந்திருக்க வேண்டும். கொரோனா தொற்று அவரைத் தனிமையில் அடைத்தது. பின்னர் கிடைத்த மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்தவை 0, 5, 0. அந்த அக்டோபரில்தான், இளம் வீரர்களிடம் போதிய பொறி தெரியவில்லை என்ற பொருள்படத் தோனி பேசி, ஸ்ரீகாந்தின் கண்டனத்தைப் பெற்றார். அக்டோபர் 23 இரவில் கெய்க்வாட்டின் 'டிரேட் மதிப்பு' என்னவென்று கேட்டிருந்தால், தேநீர்க் கடை ஒரே குரலில் சுழியம் என்றிருக்கும். அணியின் அடுத்த சுற்று வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. இழக்க ஏதுமில்லை என்றானபின் அவர் தொடர்ந்து ஆடவைக்கப்பட்டார். அக்டோபர் 25, 29, நவம்பர் 1: ஆட்டமிழக்காமல் 65, பின்பு 72, மீண்டும் ஆட்டமிழக்காமல் 62. மறு ஆண்டில் 635 ஓட்டங்கள், ஆரஞ்சு தொப்பி, கோப்பை. ஒன்பது நாளில் மாறியது அவருடைய கவர் டிரைவ் அன்று.

இக்கதையைப் பொறுமையின் வெற்றியாகவும் சென்னை அணியின் பண்பாடாகவும் சொல்லிப் பழகிவிட்டார்கள். அதே அணியில், அதே 20 லட்சத்தில், அதே காத்திருப்பில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் என். ஜெகதீசனை அக்கதையில் சேர்ப்பதில்லை. 2018இல் வந்தார்; 2020இல்தான் முதல் ஆட்டம். அவர் விக்கெட் கீப்பர். முன்னே நின்றவரோ தோனி. ஐந்து பருவங்களில் கிடைத்தவை ஏழு ஆட்டங்கள். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்த அதே வாரங்களில், விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அவர் அடுத்தடுத்து ஐந்து சதங்கள் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277: பட்டியல் 'ஏ' போட்டிகளில் தனிநபரின் உலகச் சாதனை. எதிரணி எளியது என்பது உண்மைதான். மற்ற நான்கு சதங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. டிசம்பரில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது. அங்கும் அவர் நிலைபெறவில்லை. ஐந்தாண்டு வெளியே அமர்ந்தவர் ஆறு ஆட்டங்களில் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்பது, பத்தாண்டு கௌரவ விரிவுரையாளராக வைத்திருந்துவிட்டு ஆய்வுக் கட்டுரைகள் குறைவென்று நேர்காணலில் கைவிரிப்பதற்கு ஒப்பானது. 2025 ஜூலையில் ரிஷப் பந்த் காயமுற்றபோது இந்திய டெஸ்ட் அணி ஜெகதீசனை அழைத்தது. சென்னையின் ஏழு ஆட்டக் கணக்கு அவரைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

டிரேட் வேண்டும் என்போரின் வலுவான மறுமொழி ஒன்று உண்டு. ஜெகதீசனை 2020லேயே வேறு அணிக்கு மாற்றியிருந்தால் அவருக்கே நன்மையாயிருக்குமே? இருந்திருக்கலாம். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஓக்லஹோமா சிட்டி அணி, டுரான்ட்டும் வெஸ்ட்புரூக்கும் முன்வரிசையில் நின்றதால் மாற்று வீரராக இறங்கிவந்த ஜேம்ஸ் ஹார்டனை 2012 அக்டோபரில் ஹூஸ்டனுக்கு மாற்றியது; 2018இல் அவர் அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். நெரிசலிலிருந்து வெளியேறுவது விடுதலையாகலாம் என்பதில் மறுப்பில்லை. வெளியேறலாமா என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் வழக்கு.

ஐபிஎல் விதியின்படி டிரேட்டுக்கு வீரரின் ஒப்புதல் தேவை. ஆனால் ஒப்புவது வேறு, கேட்பது வேறு. அணி கேட்டால் வீரர் தலையசைக்கலாம். வீரர் தாமாக வேறு அணியிடம் பேசினால் அது குற்றம். இதற்குச் சான்று வேறெவருமல்லர், ஜடேஜாவே. ராஜஸ்தானின் இளம் வீரராயிருந்த அவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் பிற அணியோடு பேச முயன்றதற்காக 2010 பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டார். அப்போது அவருக்கு 21 வயது. 36 வயதில் அதே ராஜஸ்தானுக்கு அவரை அணிகளே பேசி அனுப்பியபோது, அதன் பெயர் வியூகம்.

ஆகவே மாத்ரேக்கு ஈடாக எந்தப் பந்துவீச்சாளர் கிடைப்பார் என்ற கணக்கை ஆய்வாளர்கள் தேநீர்க் கடைக்கே விட்டுவிடலாம். அவர்கள் எழுப்பத்தக்க கேள்வி எளியது: இரண்டு முழுப் பருவங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவாக ஆடவைக்கப்பட்ட வீரர், தண்டனையின்றித் தாமே மாற்றம் கோரும் உரிமையை ஒப்பந்தத்தில் ஏன் சேர்க்கக்கூடாது? அணிகள் பயிற்சிக்குச் செலவிட்ட பணம் வீணாகும் என்பார்கள். அப்படியானால் ஈட்டுத்தொகை பெறட்டும். கோடிகளில் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு அது கடினமான கணக்கன்று. உரிமை வந்தால் மாத்ரே சென்னையிலேயே இருக்க விரும்பலாம், கெய்க்வாட்டைப் போலக் காத்திருக்கவும் கூடும். அதை முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.