ஊராட்சித் தேர்தலில் லயத்துக்கும் பங்கு உண்டா?

தோட்டப் பாட்டாளி மக்களே!

நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். சட்டமன்றத்துக்கும் போடுகிறோம். ஆனால் வாசலில் சாக்கடை அடைத்துக் கிடந்தால், தெரு விளக்கு எரியாவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? அந்த வேலைக்கென்று இருக்கும் நகராண்மைக் கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த நாட்டில் யாருக்குமே இல்லை.

இருந்த காலம் ஒன்று உண்டு. 1951இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய அந்தத் தேர்தலை, இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைச் சொல்லி 1965 மார்ச்சில் நிறுத்தி வைத்தார்கள். மோதல் 1966இல் ஓய்ந்தது. தேர்தல்தான் திரும்பவில்லை. இதை விசாரித்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ம.இ.கா.காரர். அவர் சொல்லியும் எடுபடவில்லை! 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்குச் சமாதி கட்டியது. அதன்பிறகு உறுப்பினர்களை மாநில அரசே நியமித்து வருகிறது.

இதை எதிர்த்துப் பல்லாண்டு குரல் கொடுத்த கட்சி ஜனநாயக செயல் கட்சி. 1967இல் செத்தாப்பாக் பிரகடனத்திலேயே இன வேறுபாடற்ற சம உரிமை என்று எழுதி வைத்தவர்கள். பேச்சோடும் நிற்கவில்லை. பினாங்கு ஆட்சி கையில் கிடைத்ததும், 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கு மாநிலச் சட்டமே இயற்றினார்கள். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

சரி, 2022 டிசம்பரில் ஊராட்சி அமைச்சே அந்தக் கட்சியின் கைக்கு வந்தது. சாவி இருக்கும் அறைக்குள் போனவர்களின் குரல் ஏன் இறங்கிப் போனது? தேர்தல் வந்தால் பட்டணமெல்லாம் ஓர் இனத்தின் கைக்குப் போய்விடும் என்று சிலர் பூச்சாண்டி காட்டுகிறார்கள். 1965ஆம் ஆண்டுப் பட்டணம் வேறு, இன்றைய பட்டணம் வேறு. மலாய் மக்களும் பெருந்தொகையாய் அங்கே குடியேறிவிட்டார்கள். இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் கூட்டணிக்காரர் முகம் கோணுமே என்று தயங்கினால், செத்தாப்பாக்கில் எழுதியது எதற்கு?

நமக்கு இன்னொரு குறையும் உண்டு. புதுக்கிராமங்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேர்தல் மன்றங்கள் கிடைத்தபோது, தோட்டத்து லயங்கள் ஒதுக்கப்பட்டன. தனியார் நிலமாம்! கழகத்தின் எல்லைக்குள்ளே தோட்டம் இருந்தாலும், பல இடங்களில் குப்பை லாரி தோட்டத்து வாசலோடு திரும்பிவிடும். பாதை, தண்ணீர் எல்லாம் துரை மனசு வைத்தால்தான். 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் பொறுப்பை முதலாளி தலையில் வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் முதலாளியை ஓட்டுப் போட்டு மாற்ற முடியுமா?

பால்மரம் சாய்ந்து தோட்டம் துண்டாடப்பட்டதும் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போன நம் பிள்ளைகளுக்குக் கழகம் இருக்கிறது, ஓட்டு இல்லை. தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெரியவர்களுக்கு இரண்டுமே இல்லாத மாதிரிதான். சம உரிமை என்றதும் பல்கலைக்கழக இடம், அரசாங்க வேலை என்றே பேசுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஊராட்சித் தேர்தலைப் பற்றி ஜ.செ.க.வினர் பேசும்போதும் பட்டணத்து வாக்காளர்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார், லயத்துக்காரர் தெரிவதில்லை. இதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை கோயில் மண்டபத்துக்கு வேட்பாளர் வருவார். மாலை போடுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: 15ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் எப்போது மசோதா கொண்டு வருவீர்கள்? வட்டாரம் பிரிக்கும்போது தோட்டத்து லயங்களை உள்ளே சேர்ப்பீர்களா? பதிலை ஒலிபெருக்கியிலேயே சொல்லச் சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.