இரண்டு ஃபிஷர்கள், ஒரு பரிசு

அமெரிக்காவில் பரிணாம ஆய்வுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1946-இல் தொடங்கியது. அடுத்த வருடமே 'எவல்யூஷன்' என்ற ஆய்விதழைக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் ஆசிரியர் எர்ன்ஸ்ட் மெய்ர். பரிணாம உயிரியலில் இருப்பவர்களுக்கு இது தாய்வீடு மாதிரி. வருடா வருடம் மாநாடு நடத்துவார்கள், பரிசுகள் அறிவிப்பார்கள். இளம் விஞ்ஞானிக்கு டாப்ஷான்ஸ்கி பரிசு, நன்றாகப் பேசிய மாணவருக்கு ஹாமில்டன் விருது என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய தலைகளின் பெயர். தங்கள் இதழில் வந்த சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக் கட்டுரைக்கும் ஒரு பரிசு உண்டு. அதன் பெயர் ஆர்.ஏ. ஃபிஷர் பரிசு என்று இருந்தது. 2020-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அது 'சங்கத் தலைவர்கள் விருது'. பரிசு எதற்காகக் கொடுக்கிறார்களோ அதில் மாற்றமில்லை. பெயர்தான் போயிற்று.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கள் புள்ளியியல் தாளில் பாதி இந்த மனிதர் போட்ட சோறு. 'வேரியன்ஸ்' என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறதே, அந்தச் சொல்லையே 1918-இல் ஒரு மரபியல் கட்டுரையில் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அனோவா அவருடையது. எஃப் டெஸ்ட்டில் இருக்கும் 'எஃப்' அவர் பெயரின் முதல் எழுத்து. ஸ்னெடெகார் என்ற அமெரிக்கர் மரியாதைக்காக வைத்தது. ஐந்து சதவீத மட்டத்தில் நல் ஹைப்பாதெசிஸை நிராகரிக்கிறோம் என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறோமே, அந்த ஐந்து சதவீதப் பழக்கத்தை 1925-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் பரப்பியவரும் அவரே. பால் முதலில் ஊற்றினதா, டீ முதலில் ஊற்றினதா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற ஒரு அம்மாவுக்கு எட்டுக் கோப்பை வைத்துச் சோதிக்கும் கதையும் அவருடைய 1935 புத்தகத்தில் வருவதுதான். (அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் பாட்டி இன்னும் துல்லியமாகச் சொல்வார்.)

உயிரியலில் அவர் இதைவிடப் பெரிய ஆள். டார்வினின் இயற்கைத் தேர்வும் மெண்டலின் மரபு விதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று பலர் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரண்டும் ஒன்றாகவே ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஹால்டேனும் சீவல் ரைட்டும். ஆகவே அவர் பெயரில் பரிசு வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பிறகு ஏன் எடுத்தார்கள்?

ஃபிஷர் கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவராக இருந்தபோதே, 1911-இல், அங்கே ஒரு யூஜெனிக்ஸ் சங்கம் தொடங்க முன்னின்றவர். அப்போது அவருக்கு 21 வயது, கிட்டத்தட்ட என் வயது. யூஜெனிக்ஸ் என்றால், 'நல்ல' பரம்பரைக்காரர்கள் நிறையப் பிள்ளை பெற வேண்டும், 'மட்டமான' பரம்பரைக்காரர்கள் குறைவாகப் பெற வேண்டும், முடிந்தால் பெறவே கூடாது என்கிற கொள்கை. யார் நல்ல, யார் மட்டம் என்று தீர்மானிப்பவர்கள் எப்போதும் தங்களை முதல் பட்டியலில்தான் வைத்துக்கொள்வார்கள். பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவது என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இளவயது வேகம் என்று விட்டுவிட முடியாது. 1930-இல் வந்த அவருடைய முக்கியமான புத்தகத்தில் பன்னிரண்டு அத்தியாயங்கள். கடைசி ஐந்து மனிதர்களைப் பற்றியவை. திறமையுள்ள மேல்வர்க்கம் பிள்ளை குறைவாகப் பெறுவதால் நாகரிகங்கள் அழிகின்றன என்பது அதன் சாரம். அதற்கு அவர் சொன்ன மருந்து, வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் குடும்ப உதவித்தொகை. அதாவது பணக்காரனுக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று அதிகம், ஏழைக்குக் குறைவு! பட்ஜெட் பாடத்தில் எந்த வாத்தியாரும் இப்படி ஒரு மானியத்தைச் சொல்லித் தந்ததில்லை. 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்வதைச் சட்டமாக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்த குழுவில் இருந்தார். அவர்கள் சம்மதத்தோடு என்றுதான் சொன்னார்கள்; முத்திரை விழுந்தவரின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்பது வேறு கதை. பிரிட்டனில் அந்தச் சட்டம் வரவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வந்தது. 60,000 பேருக்கு மேல் அறுவை செய்யப்பட்டார்கள்.

ஹிட்லரின் போர் முடிந்த பிறகாவது மாறினாரா என்றால், இல்லை. இனம் பற்றி யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைக்கு 1950-களின் தொடக்கத்தில் அவர் மறுப்புத் தெரிவித்தார். மனிதக் குழுக்கள் அறிவிலும் உணர்விலும் பிறவியிலேயே வேறுபடுகின்றன என்பது அவர் கட்சி. மெங்கலேயின் ஆசானாக இருந்த ஃபெர்ஷூயர் என்ற ஜெர்மானியருக்கு ஆதரவாகக் கடிதமும் எழுதினார்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்" என்று ஒரு சமாதானம் உண்டு. 2020-இல் இது நிறையக் கேட்டது. எனக்கு இது ஒட்டவில்லை, ஏனென்றால் அதே காலத்தில், அதே துறையில், அவர் அறைக்குப் பக்கத்திலேயே வேறு மாதிரி நினைத்தவர்கள் இருந்தார்கள். ஹால்டேன் 1938-இல் கருத்தடைச் சட்டங்களின் அறிவியல் அடிப்படையைக் கிழித்து ஒரு புத்தகமே எழுதினார். (அந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் இறந்தவர்.) இன்னொருவர் லயனல் பென்ரோஸ். கோல்செஸ்டரில் இருந்த மனநலக் காப்பகத்தில் 1,280 பேரை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, 'மந்தபுத்தி' என்பது ஒற்றைப் பரம்பரை நோய் கிடையாது, அதற்குள் பலவிதக் காரணங்கள் கலந்து கிடக்கின்றன என்று 1938-இல் காட்டியவர். மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவரைவிட, ஆளை நேரில் பார்த்தவருக்கு விஷயம் சரியாகப் பிடிபட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பென்ரோஸ் கதையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிஷர் வகித்த பதவியின் பெயரே 'யூஜெனிக்ஸ் பேராசிரியர்'. 1945-இல் பென்ரோஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். அந்தச் சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து வந்துகொண்டிருந்த யூஜெனிக்ஸ் ஆய்விதழின் பெயரை 1954-இல் 'மனித மரபியல்' என்று மாற்றினார். 1963-இல் பதவியின் பெயரும் மாறியது. ஆகவே பெயர் மாற்றுவது இப்போதைய பிள்ளைகளின் ஃபேஷன் என்பவர்கள் தயவுசெய்து 1954-ஐக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிஷர் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. 1937-38 குளிர்காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து மகலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்துக்குத் தோள் கொடுத்தவர் அவர். சி.ஆர். ராவ் 1948-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியது அவரிடம்தான். இந்தியர்களை இளப்பமாக நடத்தினார் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அவரிடம் படித்த வால்டர் பாட்மர் உட்படச் சில விஞ்ஞானிகள் 2021-இல் அவருக்காக வாதாடி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதையும் படிக்க வேண்டும். படித்தால் ஃபிஷர் நாஜி என்ற மாதிரியான மொட்டைப் பேச்சு எடுபடாது என்பது புரியும். ஆனால் பரிசுக்கு அவர் பெயர் வேண்டும் என்பதற்கு அதில் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எங்கள் பாடத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் நமக்கு 50,000 ரூபாய் தர வேண்டும், நாம் இன்னொருவருக்கு 50,000 ரூபாய் தர வேண்டும். கழித்தால் சைபர்தானே என்று இருப்புநிலைக் குறிப்பில் இரண்டையும் காட்டாமல் விட முடியுமா? ஆடிட்டர் விடமாட்டார். கடனாளிகள் ஒரு பக்கம், கடனீந்தோர் ஒரு பக்கம், முழுத் தொகையாக நிற்க வேண்டும். மனிதர்களின் கணக்கும் அப்படித்தான். "அவர் செய்த நன்மையை வைத்துத் தீமையைக் கழித்துவிடுவோம்" என்பதும் தப்பு, "தீமையை வைத்து நன்மையை அழிப்போம்" என்பதும் தப்பு. அனோவா முழுசாக ஒரு பக்கம் நிற்கட்டும், யூஜெனிக்ஸ் முழுசாக மறுபக்கம் நிற்கட்டும்.

சரி, இரண்டும் நிற்கட்டும் என்றால் பரிசின் பெயர் மட்டும் ஏன் போக வேண்டும்? பரிசு என்பது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. அதில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பது கடையை இன்று நடத்துகிறவர்களின் விருப்பம். பலகையை மாற்றினால் பழைய கணக்குப் புத்தகம் எரிந்துவிடாது. எஃப் டெஸ்ட்டை யாரும் தடை செய்யவில்லை. அவருடைய 1930 புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். சொல்லப்போனால் இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பிறகுதான் அந்தக் கடைசி ஐந்து அத்தியாயங்களைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். வரலாறு அழிந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. ஒரு கூட்டாண்மை நிறுவனத்தில் புதுக் கூட்டாளி சேரும்போது சொத்துகளையும் பொறுப்புகளையும் மறுமதிப்பீடு செய்கிறோம். பழைய புத்தக மதிப்பை அப்படியே ஏற்றுக்கொள் என்று வருகிறவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 1946-இல் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். இன்று உள்ளே வருகிறவர்கள் வேறு. ஒரு கறுப்பினப் பெண் ஐந்தாறு வருடம் உழைத்து ஆய்வேடு எழுதி, நாட்டிலேயே சிறந்த கட்டுரை என்று பரிசு வாங்குகிறாள். அதைத் தன் பயோடேட்டாவில் ஆயுசுக்கும் எழுதிக்கொள்ள வேண்டியவள் அவள். தன் இனத்துக்குப் பிறவியிலேயே அறிவு வேறு மாதிரி என்று வாதாடியவரின் பெயரை அவள் ஏன் சுமக்க வேண்டும்? மன வளர்ச்சி குன்றிய தம்பி உள்ள ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். பரிசு செத்தவருக்குக் கொடுப்பதில்லை. உயிரோடு இருக்கிற 28 வயதுக்காரருக்குக் கொடுப்பது.

குறை சொல்ல வேண்டுமானால் புதுப் பெயரைச் சொல்லலாம். 'தலைவர்கள் விருது' என்பதில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. அதே சங்கம் மற்ற இடங்களில் நன்றாகப் பெயர் வைத்திருக்கிறது. ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கான நிதியுதவிக்கு ரிச்சர்ட் லெவான்டினின் பெயர். மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது, இனங்களுக்கு நடுவே இருப்பது கொஞ்சம்தான் என்று 1972-இல் எண்ணிச் சொன்னவர் அவர். ஆய்வின் பிற்பகுதியில் இருப்பவர்களுக்கான உதவிக்கு ரோஸ்மேரி கிராண்ட் பெயர். கலாபகஸ் தீவுகளில் கணவரோடு பல பத்தாண்டுகள் குருவிகளின் அலகை அளந்த அம்மையார். ஃபிஷர் இடத்திலும் இப்படி ஒருவரை வைத்திருக்கலாம். மறுபடி வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள் போல.

இனி என் துறைக்கு வருகிறேன். வணிகவியல் மாணவர்களுக்கு ஃபிஷர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வேறு ஒருவர். லாஸ்பியர், பாஷே இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருகிற 'ஃபிஷரின் இலட்சியக் குறியீட்டெண்'. அவர் இர்விங் ஃபிஷர், அமெரிக்கப் பொருளாதார அறிஞர். கார்டுகளை அடுக்கிவைக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். பங்கு விலைகள் இனி இறங்காத உயரத்துக்கு வந்துவிட்டன என்று 1929 அக்டோபரில் சொல்லி, அடுத்த சில நாட்களில் வந்த சரிவில் எல்லாவற்றையும் இழந்தவர். இந்தக் கதையை எல்லா வாத்தியார்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் முதல் தலைவர் இவர்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

கேம்பிரிட்ஜ் ஃபிஷராவது பிரச்சாரம் செய்தும் சட்டம் வராத நாட்டில் இருந்தார். இந்த ஃபிஷர் இருந்தது அந்த 60,000 பேரின் நாட்டில். எகனாமெட்ரிக் சொசைட்டியின் முதல் தலைவரும் இவரே. அந்தச் சங்கம் இவர் பெயரையும் ஹென்றி ஷுல்ட்ஸ் பெயரையும் சேர்த்து 'ஃபிஷர்-ஷுல்ட்ஸ் சொற்பொழிவு' என்று ஒரு கௌரவம் வைத்திருக்கிறது. பெரிய பெரிய பொருளாதார அறிஞர்கள் அங்கே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். உயிரியல்காரர்கள் தங்கள் வீட்டுப் பலகையை 2020-இலேயே கழற்றிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் பலகை அப்படியே தொங்குகிறது. அதில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது என்று வகுப்பில் யாரும் கேட்டுக்கூட நான் பார்த்ததில்லை.