அம்மாவுக்கு ஒத்திகை, மகளுக்கு சிவப்பு சிலிண்டர்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பெண்களுக்கு, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அலாரம் அடித்ததும் மெஷினை நிறுத்த வேண்டும். பையைத் தேடக்கூடாது. கோடு போட்ட வழியில் வெளியே வந்து வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். ஆய்வுக்காக நான் பேசிய பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே எழுந்து நடந்து காட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில், ஹெச்.எம். அறை வாசலில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. அதை எப்படி இயக்குவது என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "அதத் தொடக்கூடாதுக்கா" என்றாள்.

கம்பெனியில் ஒத்திகை நடப்பது முதலாளியின் கருணையால் அல்ல. வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டில் அதற்கான பதிவேட்டைக் கேட்பார்கள். 2012இல் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 250க்கும் மேற்பட்டோரும், வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆலையில் 100க்கும் மேற்பட்டோரும் எரிந்து செத்தபின் அந்தக் கேள்விகள் இன்னும் கறாராகின. ஆடிட்டை நான் கொண்டாடவில்லை. அந்தக் கராச்சி ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அங்கே கேள்வி கேட்க ஒரு பையர் இருக்கிறார். அரசுப் பள்ளிக்கு அப்படி யாரும் இல்லை.

2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக்கூடத்து நெருப்பு கூரைக்குத் தாவியது. ஒற்றைக் குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள். அதன்பின் அரசு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொன்னது, அகற்றினார்கள். அது நல்லதுதான். ஆனால் படிக்கட்டு? வழி? பயிற்சி? அந்தத் தீவிபத்தை ஒட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொன்னது: கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியும் சேர்த்துத்தான். தீயணைப்புக் கருவி இருந்தால் போதாது, ஊழியர்களுக்கு அதை இயக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தீப்பற்றும் பொருள், நச்சுப் பொருள் எதுவும் பள்ளிக் கட்டடத்தில் இருக்கக்கூடாது.

சரி, பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்? ஷூ ஒட்டும் சொல்யூஷனில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் தூரத்து அடுப்பைக்கூட எட்டும். எரியும் டொலுவீனில் பக்கெட் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். இதெல்லாம் எங்கள் ஊர்த் தெருவில் உள்ள ஆபத்து. சென்னையில் அச்சடிக்கும் பொதுச் சுற்றறிக்கை இதைத் தொடாது.

இது சாதிக் கேள்வி இல்லை என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். தீ சாதி பார்ப்பதில்லையாம். தீ பார்ப்பதில்லைதான், அட்மிஷன் பார்க்கிறது. தோல் வேலையைத் தீட்டு என்று சொல்லி யார் தலையில் கட்டினார்களோ அவர்களுடைய பிள்ளைகள்தான் இந்தப் பள்ளிகளின் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் எப்போதோ மெட்ரிக் பள்ளிக்குப் போய்விட்டார்கள். தோலின் தீட்டு ஏற்றுமதி லாபத்தில் மட்டும் ஒட்டவில்லை.

காசு இல்லை என்ற பதில் இங்கே எடுபடக்கூடாது. 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நமது தோல் தொழிற்சாலைகளைப் பார்த்துத்தான் சொன்னது. (அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர். பிறகு அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.) பாலாற்றுக்குப் பொருந்திய நியாயம் பள்ளிச் சுவருக்கும் பொருந்தும். ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளிடமிருந்து அரசு வசூலிக்கட்டும். பயிற்சியைத் தீயணைப்புத் துறை தரட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் கம்பெனி அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒத்திகையை அவர்களே சொல்லிக்கொடுக்கலாமே என்று ஒரு ஆசிரியர் யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் குழுக் கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போகும். அந்தக் கூலியை யார் தருவது என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.