குருதிப்பெருக்கும் மன்னார் உணர்த்தும் பாடமும்

அண்மையில் குழந்தை பெற்றிருந்த இளம் தாய் ஒருவர் 2024 ஜூலையில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் குருதிப்பெருக்கினால் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் அங்கு மற்றொரு தாயும் அவரது சிசுவும் மரணமாகினர். மக்களின் கொந்தளிப்பு நியாயமானதே. தவறு யாருடையது என்பதை விசாரணைகள் தீர்மானிக்கட்டும். ஆனால், ஊழியர் சிலரைத் தண்டிப்பதுடன் இப்பிரச்சினை தீர்ந்துவிடுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடமொன்றுக்கு அரை லீற்றருக்கும் அதிகமான குருதி பாய்கிறது. பிரசவத்தின் பின் கருப்பை சுருங்கத் தவறினால் ஓரிரு மணித்தியாலங்களில் உயிர் பிரிந்துவிடலாம். எனவே, இங்கு காலமே முதல் மருந்தாகும்.

வயிற்றைத் திறக்காமலேயே குருதியைத் தடுக்கும் வழிகள் இன்று பல உள்ளன. கருப்பையைச் சுருக்கும் ஒக்சிரோசின், மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டிய ரனெக்சாமிக் அமிலம், கருப்பையினுள் வைத்து நீரால் நிரப்பப்படும் பலூன் ஆகியன அவற்றுட் சில. ஆணுறையையும் வடிகுழாயையும் இணைத்து மிகக் குறைந்த செலவில் இத்தகைய பலூனை உருவாக்கிக் காட்டியவர் பங்களாதேஷ் வைத்தியர் சயேபா அக்தர். இழக்கப்படும் குருதியை அளவிடப்பட்ட விரிப்பொன்றில் சேகரித்துக் கணித்து, சிகிச்சைகளை ஒருசேர உடன் தொடங்கினால் கடும் பாதிப்புகள் 60 வீதம் குறைவதை, ஆபிரிக்க நாடுகள் நான்கில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு நிரூபித்தது.

துளைவழிச் சத்திரசிகிச்சைக்கும் இதே நியதிதான். குருதி கசியும் இடத்தை உடன் கண்டு அடைக்க வேண்டும். இயலாவிடில் தயங்காது வயிற்றைத் திறக்க வேண்டும். அதற்குத் தேர்ந்த நிபுணரும், மயக்க மருந்து வைத்தியரும், இருப்புள்ள குருதி வங்கியும் எந்நேரமும் ஆயத்தமாக இருத்தல் அவசியம்.

தலைமன்னாரிலிருந்து ஒரு தாய் தீவைக் கடந்தே மன்னார் நகரை அடைய வேண்டும். அங்கும் இயலாதெனின் வவுனியாவுக்கு மேலும் சுமார் 80 கிலோமீற்றர். குருதி பெருகும் உடலுக்கு இது நெடுந்தூரம். தாய் மரணங்களைக் குறைத்ததில் தெற்காசியாவுக்கே முன்மாதிரி எனப் போற்றப்படும் நாட்டில், அந்தப் பெருமை கரையோர மாவட்டத்துக்கும் உரியதாக வேண்டாமா?

பிரசவித்த தாய் குருதிப்போக்குடன் நள்ளிரவில் வந்தாலும் உடன் பரிசோதிக்கப்படுவதை நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். நிபுணர் வெற்றிடங்களைத் தாமதமின்றி நிரப்புவது சுகாதார அமைச்சின் கடமையாகும். அடுத்த மரணத்தின் பின் அமைக்கப்படும் விசாரணைக் குழுவால் எந்தத் தாயும் மீளப்போவதில்லை.