பரிவட்டமா? பரிசா?

பட்டியல் வந்தது, பரவசம் பிறந்தது! 2025 ஆகஸ்டு முதல் நாள் மாலை டில்லியில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் காலை, கல்லங்குறிச்சித் தேநீர்க் கடை பெஞ்சில் இடமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பிய புழுதியையும் பொருட்படுத்தாமல், பத்திரிகையைச் சூழ்ந்து நின்றனர் நம் இளைஞர்கள். 'பார்க்கிங்' சிறந்த தமிழ்ப் படமாம்! அதில் நடித்த எம்.எஸ். பாஸ்கர் சிறந்த துணை நடிகராம்! திரைக்கதைக்கான விருதில் ராம்குமார் பாலகிருஷ்ணனுக்கும் பங்கு உண்டாம்! மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். உழைத்தவர் உயர்வதைக் கண்டு உவக்காதவர் உண்டோ?

ஆனால் அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், இன்னொரு செய்தியும் இருந்தது. சிறந்த இயக்குநர் விருது 'தி கேரளா ஸ்டோரி' என்னும் இந்திப் படத்துக்கு! சிறந்த ஒளிப்பதிவு விருதும் அதற்கே! சிரித்த முகங்கள் சிறிது சுருங்கின. நம்மிடம் படித்து, இப்போது அரியலூர்க் கல்லூரிக்குச் செல்லும் தம்பி ஒருவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான்: "சார், இதை எதற்காகக் கொடுத்தார்கள்?"

ஆம், தோழர்களே! ஒரே கேள்வி, மூன்றே சொற்கள். நமக்கு விடை தெரியவில்லை. ஆசிரியர் என்று பெயர் பெற்றுவிட்டதால் அனைத்துக்கும் விடை தெரிந்திருக்க வேண்டுமா என்று சொல்லித் தப்பியிருக்கலாம். தப்பவில்லை, தலை குனிந்தோம். அவன் 'சார், அதை எதற்காகக் கொடுத்தார்கள்?' என்று 'பார்க்கிங்' படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நாம் விடை அறியோம் என்பது அப்போதுதான் உறைத்தது! கொடுத்தார்கள், மகிழ்ந்தோம், கொடுக்கவில்லை, குமுறினோம். காரணத்தை மட்டும் ஒருநாளும் கேட்டோமில்லை.

ஊர்த் திருவிழாக்களைப் பார்த்திருக்கிறோம். தேர் நிற்கும், மேளம் முழங்கும், தலையில் பரிவட்டம் ஏறும். யாருக்கு முதல் பரிவட்டம்? ஏரியை வெட்டியவனுக்கா? தேரின் வடத்தை இழுத்துக் கை காய்த்தவனுக்கா? அல்ல. "வழக்கம்" என்ற ஒற்றைச் சொல்லே விடை. தகுதி என்ன என்று கேட்டால், கேட்டவன் குற்றவாளி! காரணம் சொல்லிக் கொடுப்பது பரிசு. காரணம் கேட்கக்கூடாது என்று கட்டுவது பரிவட்டம். டில்லியில் ஆண்டுதோறும் வழங்கப்படுவது எது?

வரலாற்றைப் புரட்டுவோம். இவ்விருதுகள் 1954ஆம் ஆண்டு தொடங்கின. முதல் தங்கப் பதக்கம் ஆச்சார்ய ஆத்ரே எடுத்த 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படத்துக்கு. நம் 'பராசக்தி'க்கு அந்த வாய்ப்பே இல்லை. 1952ஆம் ஆண்டிலேயே வந்து, பதக்கம் எதுவுமின்றிப் பாமரன் நெஞ்சில் பதிந்துவிட்டது! 1954ஆம் ஆண்டின் படங்களுள் 'மலைக்கள்ளன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றது. உரையாடல் கலைஞர் கருணாநிதியுடையது, மகிழ்ச்சியே. ஆனால் அதே ஆண்டில்தான் எம்.ஆர். இராதாவின் 'இரத்தக் கண்ணீர்' வந்தது. மூடநம்பிக்கையைச் சிரித்தே சிதைத்த அந்தக் குரல் பரிசுப் பட்டியலில் இல்லை. எழுபது ஆண்டு கடந்தும் அந்த உரையாடலைத் தேநீர்க் கடையில் ஒப்பிப்பவர் உண்டு. பட்டியலை ஒப்பிப்பவர் உண்டோ?

நடிகர்களுக்குத் தனி விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வந்தது. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். பெற்றார். 'பசி'க்காக ஷோபா பெற்றார். 'வீடு' படத்துக்காக அர்ச்சனா பெற்றார். தக்கோர் பலர் பெற்றனர், மறுக்கவில்லை. ஆனால் சிவாஜி கணேசன்? 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்று போற்றப்பட்டவர் அவர். பிரான்சு நாடு செவாலியே விருது தந்தது. டில்லியோ 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதை நீட்டியது. வாழ்நாள் சாதனைக்கான தாதா சாகேப் பால்கே விருதையும் பின்னர் தந்தது. சிறந்த நடிகர் என்ற விருதை மட்டும் கடைசிவரை தரவேயில்லை! நைல் நதிக்கரையில் தெரிந்த நடிப்பு யமுனைக் கரையில் தெரியாமற் போனது ஏன்?

இதனைத் தமிழன் என்ற தாபத்தால் மட்டும் கேட்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. கொடுத்த பரிசுகளையே எடுத்துக்கொள்வோம். 'பிற சமூகப் பிரச்சினைகள்' பற்றிய சிறந்த படம் என்றொரு விருது இருந்தது. 1987ஆம் ஆண்டுக்கான அவ்விருது பாரதிராஜாவின் 'வேதம் புதிது' படத்துக்கு. பெயரின் வாலில் தொங்கும் சாதியைப் பிடித்துக் கேள்வி கேட்ட படம் அது. அடுத்த ஆண்டுக்கான அதே விருது எதற்கு? 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படத்துக்கு. சாதியின் அடிப்படையில் இட ஒதுக்கீடு கூடாது, பொருளாதாரமே அளவுகோல் என்று வாதிட்ட படம்! ஓராண்டு சாதியை உடைத்தவனுக்கு மாலை. மறு ஆண்டு சாதியால் ஒடுக்கப்பட்டவன் ஏறிவந்த ஏணியை உடைக்கச் சொன்னவனுக்கு மாலை! மாலை ஒன்று, மார்பு வேறு, மர்மம் என்ன?

அந்தப் படத்தைத் தடுக்க வேண்டும் என்று வழக்கு நடந்தது. 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை கூடாது, கருத்துரிமை காக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. எதிர்க்கருத்தின் வாயை அடைப்பது பகுத்தறிவாளனின் பணி அன்று. அதற்கு விடை சொல்வதே அவன் பணி. ஆனால், பேச உரிமை உண்டு என்பது வேறு. பேசியதற்குப் பரிசு உண்டு என்பது வேறு. உரிமை அனைவருக்கும் பொது. பரிசோ அரசின் பெயரால், மக்களின் வரிப்பணத்தால், 'இது நன்று' என்று நாட்டுக்குச் சொல்லும் சொல். அச்சொல்லுக்குப் பொருள் கேட்க மக்களுக்கு உரிமை இல்லையா?

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். 'தி கேரளா ஸ்டோரி' 2023ஆம் ஆண்டு வந்த படம். கேரளத்துப் பெண்கள் 32,000 பேர் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதன் முன்னோட்டம் முழங்கியது. ஆதாரம் கேட்டார்கள். முன்னோட்டத்தின் குறிப்பில் எண் சுருங்கியது: மூன்று பெண்கள்! அந்த 32,000 என்ற கணக்குக்கு நம்பகமான சான்று இல்லை என்று படத்தில் அறிவிப்புப் போட ஒப்புக்கொள்வதாக, 2023 மே மாதம் தயாரிப்பாளர் தரப்பே உச்ச நீதிமன்றத்தில் கூறியது. முப்பத்திரண்டாயிரம் எங்கே, மூன்று எங்கே? கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு பிள்ளை விடை எழுதினால் சுழி போடுவோம். டில்லியோ விருது போட்டது!

நடுவர் தரப்பிலிருந்து ஒரு விளக்கமும் வந்தது. ஒளிப்பதிவு இயல்பாக இருந்ததாம். கடினமான பொருளை இயக்குநர் தெளிவாகச் சொன்னாராம். கவனியுங்கள், தோழர்களே! தெளிவாகச் சொன்னார் என்கிறார்களேயன்றி உண்மையைச் சொன்னார் என்கிறார்களில்லை. நஞ்சு கலந்த பாலை நல்ல வெள்ளிக் கிண்ணத்தில் தந்தான் என்று கிண்ணத்தைப் புகழ்வதா? பொய்யைத் தெளிவாகச் சொல்வது பொய்யின் குற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா?

இன்னொரு படத்தை எண்ணிப் பார்ப்போம். நம் மாவட்டத்தின் எல்லையான வெள்ளாற்றைக் கடந்தால் விருத்தாசலம் வட்டாரம். 1993ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழைத் தொழிலாளி காவல் நிலையத்தில் உயிரிழந்தார். கணவரைத் தேடி நீதிமன்றப் படியேறினார் மனைவி. அவருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடினார் வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானவர். அந்த வழக்கைத் தழுவி 2021ஆம் ஆண்டு எடுக்கப்பட்டதே 'ஜெய் பீம்'. ஆவணம் உண்டு, வழக்கு எண் உண்டு, தீர்ப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் வெளிவந்த 2021ஆம் ஆண்டுக்கான விருதுப் பட்டியலில் அப்படத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை! அதே பட்டியலில் 'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப் படம் ஆனது. அதில் உழவராகவே வாழ்ந்து காட்டி, படம் வெளிவருமுன் மறைந்த முதியவர் நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்காகக் கை தட்டுகிறோம். ஆனால் தட்டிய கைகளே கேட்கின்றன: 'ஜெய் பீம்' ஏன் இல்லை?

"கலை இரசனைக்கு அளவுகோல் உண்டா? நடுவர் குழுவின் முடிவே இறுதியானது என்பதுதானே எங்கும் விதி?" என்று கேட்பர் நண்பர் சிலர். கேட்கட்டும். நாம் திருத்துவது விடைத்தாள். பிளஸ் டூ தேர்வு எழுதிய ஒரு மாணவன், அவன் கூலித் தொழிலாளியின் மகனாயினும், விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம், மறுகூட்டல் கோரலாம், மறுமதிப்பீடும் கோரலாம். நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தாலும் விடுதலை செய்தாலும் காரணம் எழுதியாக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்கும் கூண்டில் நிற்பவனுக்கும் உள்ள உரிமை, கோடிக்கணக்கான மக்களின் கலைக்கு இல்லையா? இரசனை வேறுபடலாம், வேறுபட்ட இரசனைக்கும் காரணம் இருக்குமே! அதை எழுதி வெளியிட்டால் குடியா முழுகிவிடும்? எவர் நடுவர், எவர் அவரை அமர்த்தினார், இறுதிச் சுற்றில் எந்தப் படங்கள் நின்றன, வென்றது ஏன், தோற்றது ஏன் - இவற்றை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடு! இதுவே நம் கோரிக்கை.

2018ஆம் ஆண்டு விழாவில் ஒரு கலகம் மூண்டது. குடியரசுத் தலைவர் பதினோரு விருதுகளை மட்டும் கொடுப்பார், எஞ்சியவற்றை அமைச்சர் கொடுப்பார் என்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விழாவுக்கே செல்லவில்லை. அவர்களின் தன்மான உணர்வை வணங்குகிறோம். ஆனால், கொடுக்கும் கை எது என்று கேட்ட கலைஞர் பெருமக்களே, கொடுக்கும் காரணம் எது என்றும் அன்றே கேட்டிருக்கக் கூடாதா?

டில்லியை மட்டும் சுட்டிவிட்டு விரலை மடக்கிக்கொண்டால் நாமும் நேர்மையற்றவராவோம். நம் வீட்டைப் பார்ப்போம். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்குத் தமிழ்நாடு அரசின் விருதுகள் 2017ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. கலைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்தது 2022 செப்டம்பரில்! பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவை, அது பள்ளி இறுதி வகுப்புத் தேறிய பின் நடத்துவதுபோல! பரிசு பெற்றோரை வாழ்த்தும் வாய், காலம் கடத்தியவரைக் கண்டிக்கவும் வேண்டும்.

இன்னும் நெருங்கி வருவோம். 2022 ஜூலையில் 'சூரரைப் போற்று' சிறந்த படம், சூர்யா சிறந்த நடிகர், அபர்ணா பாலமுரளி சிறந்த நடிகை என்று செய்தி வந்தபோது, கருப்புச் சட்டைத் திருமணம் காட்டிய படமாயிற்றே என்று துள்ளினோம். அந்த நாளில் டில்லி நடுவர் நமக்கு நல்லவர். அடுத்த ஆண்டு கெட்டவர்! இதுவா பகுத்தறிவு? நமக்குச் சாதகமான தீர்ப்பையும் 'ஏன்?' என்று கேட்பவனே பகுத்தறிவாளன். நடிகரின் உருவப் பலகைக்குப் பால் ஊற்றும் தம்பியும், விருதுப் பட்டியலுக்குத் தலை வணங்கும் அண்ணனும் ஒரே கோயிலின் இரு வாயில்களில் நிற்கிறார்கள்!

பின் என்ன செய்வது? கல்லங்குறிச்சியில் ஒரு சிறு தொடக்கம் செய்திருக்கிறோம். அன்று கேள்வி கேட்ட தம்பியே அதற்குப் பொறுப்பாளன். நீளவாட்டில் ஒரு கணக்குப் பேரேடு. ஒரு பக்கம் படத்தின் பெயர், மறுபக்கம் மூன்று கேள்விகள்: இப்படம் சொல்வது உண்மையா? யாருடைய பக்கம் நிற்கிறது? சொன்ன முறை சிறந்ததா? பார்த்தவர் விடை எழுதி, கீழே பெயர் எழுத வேண்டும். காரணம் இல்லாத புகழ்ச்சி அடிக்கப்படும். காரணம் இல்லாத இகழ்ச்சியும் அடிக்கப்படும். முதல் வாரத்தில் பாதி வரிகள் அடிபட்டன! இரண்டாம் மாதத்தில் அடிக்க இடமின்றி எழுதுகிறார்கள். தங்கத் தாமரை வழங்க நம்மிடம் தங்கம் இல்லை. தக்க காரணம் வழங்க அறிவு இருக்கிறது.

நம் ஊரின் பெயரை உலகப் புவியியலார் அறிவர். இங்குள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கே கல்லங்குறிச்சி என்றுதான் பெயர். சுரங்கத்தில் கல்லை உடைத்தால் கடற்சிப்பி வரும். கடலோ இன்று கண்ணுக்கெட்டாத் தொலைவில்! ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் அலையடித்தது என்பதற்கு அந்தச் சிப்பியே சான்று. எந்தக் குழுவும் கூடி அதற்குப் பதக்கம் தரவில்லை. எந்த அமைச்சரும் மாலை சூட்டவில்லை. கையில் எடுத்துப் பார், கண்ணால் காண், கருத்தால் உணர் என்று கிடக்கிறது. உண்மை அப்படித்தான் கிடக்கும். கலைக்குத் தரும் மதிப்பும் அப்படிக் கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அடுத்த பட்டியலும் வரும், மேளமும் முழங்கும். வெடி வாங்க ஓடுமுன், இளைஞனே, தம்பியின் கேள்வியை நீயும் கேள்: எதற்காகக் கொடுத்தார்கள்? விடை வந்தால் அது பரிசு, கைதட்டு. விடை வராவிட்டால் அது பரிவட்டம். பரிவட்டத்துக்குத் தலை குனியும் பழக்கத்தை நாம் என்றோ விட்டொழித்தோம் அல்லவா?