ஒன்பதாம் மாத ஊசி

2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஓர் ஊசி கூடியிருக்கிறது. போலியோ ஊசியை அதுவரை ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் போட்டு வந்தார்கள். மூன்றாவது தவணையாக ஒன்பதாம் மாதமும் சேர்ந்தது. அதே நாளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி உண்டு, நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசியின் பூஸ்டர் உண்டு, வைட்டமின் ஏ திரவமும் உண்டு. முதல் இரண்டு போலியோ ஊசிகளும் வலது மேற்கையில் போடப்படுபவை. ஒன்பதாம் மாதம் வலது கை தட்டம்மை-ரூபெல்லாவுக்குப் போய்விடுவதால் மூன்றாவது போலியோ ஊசி இடது கைக்கு மாறியது. அளவு 0.1 மில்லி. தோலுக்குள்ளேயே நிற்கும்படி, சின்னக் கொப்புளம் போல எழும்பும்படி போட வேண்டும்.

செய்தித்தாளில் இது இரண்டு வரிச் செய்தி. ஊசி போடும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி இல்லை. 0.1 மில்லி சிரிஞ்சு இருப்பைக் கூட்டிக் கேட்க வேண்டும். பழக்கப்பட்ட கை வேறு பக்கம் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் நிற்கும் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா மகள் கைக்குழந்தையோடு போனபோது துணைக்குப் போயிருந்தேன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை, நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் செவிலியர் சொன்னார்: “பாப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டு கைலயும் ஊசி இருக்கும்மா, தொடையிலயும் ஒண்ணு.” அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார். “என்ன சிஸ்டர், பெரியவளுக்கு இத்தன போடலையே?”

செவிலியர் கோபப்படவில்லை. “அவளுக்குப் போட்டப்ப இது லிஸ்ட்ல இல்லம்மா. முன்னாடி போலியோ சொட்டு மருந்துல மூணு வகைக் கிருமிக்கும் மருந்து இருந்துச்சு. இப்ப ரெண்டுக்குத்தான் இருக்கு. மிச்சம் ஒண்ணுக்கு இந்த ஊசிதான் காப்பு. அதான் ஒரு தடவ கூட்டியிருக்காங்க.” ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா குழந்தையின் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பிடித்தார். தாய் சேய் நல அட்டை பழைய அச்சு. மூன்றாவது போலியோ ஊசிக்கு அதில் கட்டமே இல்லை. செவிலியர் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, தேதி எழுதி, சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தார்.

எங்கள் முறை வந்தபோது, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டேன். “மாசக் கூட்டத்துல டாக்டரம்மா சொன்னாங்க. நான் எழுதி வச்சுக்கிட்டேன்” என்று பிரவுன் ஷீட் அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்றைக் காட்டினார். என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, ஏன் என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து. ‘ஏன்’ என்பதற்கு எதிரே சில இடங்களில் வெறும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது. என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு எப்படியோ செவிலியர் கைக்கு வந்துவிடுகிறது. ஏன் என்பது வருவதில்லை. மக்கள் கேட்பதோ ஏன் என்பதை மட்டும்தான்.

அந்தச் செவிலியர் ஒரு நிமிஷத்தில் சொன்ன பதிலுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. போலியோ கிருமியில் மூன்று வகை. இயற்கையில் திரிந்த இரண்டாம் வகை கடைசியாகத் தென்பட்டது 1999இல், உத்தரப் பிரதேசத்தின் அலிகரில். அதன் பிறகு, சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த இரண்டாம் வகையே அபூர்வமாக உருமாறிப் பக்கவாதத்தைத் தரலாம் என்ற கவலை எழுந்தது. அதனால் 2016 ஏப்ரலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இரண்டு வார இடைவெளிக்குள் பழைய சொட்டு மருந்தை எடுத்துவிட்டுப் புதியதற்கு மாறின. இந்தியாவுக்கு அந்த நாள் ஏப்ரல் 25. ஒரே நாளில் நாடெங்கும் மாற்றம். ஒரு குளிர்பெட்டியின் மூலையில் பழைய குப்பி ஒன்று தப்பிக் கிடந்தாலும் ஆபத்து என்பதால், பெட்டிகளைத் திறந்து நேரில் பார்த்து உறுதி செய்தார்கள். சுகாதாரத் துறையின் கடைசி ஊழியர்வரை ஒரு செய்தியை ஒரே நேரத்தில், காரணத்தோடு கொண்டு சேர்க்க நம்மால் முடியும் என்பதற்கு அந்த ஏப்ரல் சாட்சி. அதன் பிறகும், 2022இல் லண்டன் சாக்கடை நீரில் தடுப்பு மருந்துவழி இரண்டாம் வகைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்குப் பக்கவாதமே வந்தது. நம் ஒன்பதாம் மாத ஊசியின் அவசியம் அங்கிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும்.

அந்த ஏப்ரலில் அப்படிச் செய்தி சேர்க்க முடிந்த நாட்டில்தான் 2021இன் கொரோனா தடுப்பூசிக் குழப்பமும் நடந்தது. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு முதலில் நான்கிலிருந்து ஆறு வாரம் என்றார்கள். மார்ச் 22 அன்று அது எட்டு வாரம்வரை நீண்டது. மே 13 அன்று பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் ஆனது. ஏப்ரல் நடுவில் முதல் ஊசி போட்டவரை ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர் மே கடைசியில், ஊரடங்கில், போலீஸ் தடுப்புகளைத் தாண்டி வந்து நிற்கிறார். இன்னும் நாள் ஆகவில்லை, போய்விட்டு வாருங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? மத்திய அமைச்சகத்தின் நிபுணர் குழு அல்ல, வாசலில் நின்ற செவிலியர். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்ற விளக்கம் அவர் கையில் தாளாக இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. டெல்லியில் சாயங்காலம் அறிவிக்கிறார்கள், தொலைக்காட்சியில் ராத்திரி ஓடுகிறது, காலையில் ஜனங்கள் வாசலில் நிற்கிறார்கள். ஊழியருக்கும் தொலைக்காட்சிதான் சொல்கிறது என்றால் அவர் பேச்சை யார் நம்புவார்கள்? ஆய்வுகள் வர வர முடிவுகள் மாறத்தான் செய்யும், அதில் எனக்குப் புகார் இல்லை. ஊழியருக்கு அரை நாள் முன்னதாகச் சொல்லியிருக்கலாம்.

மாற்றத்தின் காரணம் சரியாகப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்துக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் போட்டுவந்த ஊசியை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுவது என்று மாற்றினார்கள். அன்றைய துயரத்தில் அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்குத் தெருமுனையில் கிடைத்தது பஸ் ஏறிப் போக வேண்டிய இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஊசி நின்றதா, இடம் மாறியதா, மருந்தே ஆபத்தா என்று கேட்டவர்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் என்ன சொல்லியிருப்பார்? ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவர் அவர். வேலை தன் கையிலிருந்து போனதையே ஊர் தன் மேல் வைத்த சந்தேகமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 சதவீதம். அடுத்து 2015-16இல் 69.7. தடுப்பூசியில் முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலம் பத்துப் புள்ளிக்கு மேல் சறுக்கியது. அந்த ஒரு மாற்றம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. 2019-21 கணக்கெடுப்பில் 89.2 என்று ஏறி வந்தோம். அந்த ஏற்றத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசிய செவிலியர்களின் தொண்டை வலி நிறைய இருக்கிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோதும் அந்தத் தொண்டைகள்தாம் காப்பாற்றின. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாருக்கும் ஊசி என்றது அரசு. வாட்ஸ்ஆப் வதந்திகள் அதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோர் உண்டு. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் நடுவரை நீட்டினார்கள்.

நம் மேற்குப் புறநகருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. பூந்தமல்லி ஒரு நகராட்சி. சுற்றிலும் உள்ள கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பூந்தமல்லி சுகாதார மாவட்டம் தனி. சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கு எங்கே ஓர் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. பட்டாபிராமில் குடியிருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பார். பிரசவத்துக்குத் திருமழிசையில் அம்மா வீட்டுக்குப் போவார். குழந்தையின் மூன்று ஊசிகள் மூன்று நிர்வாகத்தின் கையால் விழும். ஒரு மாற்றம் மூன்று குழாய் வழியாக, மூன்று வேகத்தில் வருகிறது. ஒரு நிலையத்தில் சொன்னதை இன்னொரு நிலையத்தில் மறுத்தால் தாய் இரண்டையும் நம்புவதை விட்டுவிடுவாள்.

எஸ்டேட்டை நம்பி வந்த பீகார், ஒடிசா குடும்பங்களை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. குழந்தையின் அட்டை இந்தியிலோ ஒடியாவிலோ இருக்கும். இங்கே சில மாவட்டங்களில் மட்டும் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அங்கே போடப்பட்டிருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது முடிந்தது, எது பாக்கி என்று செவிலியர் தனியாகக் கணக்குப் போடுவார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்.

சேவைகளும் இதே வேகத்தில் மாறுகின்றன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கு வந்தது. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நல்ல திட்டங்கள், ஏழைக்கு உண்மையில் உதவுபவை. ஆனால் எந்த ஊசி எந்த இடத்தில், எந்தக் கிழமை என்பதைச் செவிலியர், மருந்தாளுநர், கணினிப் பதிவாளர், ஓ.பி. சீட்டுப் போடுபவர், வாசலில் நிற்கும் காவலாளி எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். காவலாளியைச் சும்மா சேர்க்கவில்லை. “இன்னிக்கு ஊசி இல்ல, போயிட்டு வாங்க” என்று முதலில் சொல்பவர் அவர்தான். அன்று திரும்பிப் போகும் தாய்க்கு அரை நாள் கூலி போச்சு. அடுத்த வாரமும் வருவாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டோமே என்பார்கள் அதிகாரிகள். போடுகிறார்கள்தான். மத்திய அரசின் வழிகாட்டி நூல்கள் ஐம்பது, அறுபது பக்க ஆங்கிலப் பி.டி.எஃப்.கள். போன வருஷத்து உத்தரவும் நேற்றைய உத்தரவும் அதே குழுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது செல்லும் என்று தேடி எடுக்க நேரம் வேண்டும். எனக்குப் படுவது இதுதான்: மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே ஒரு பக்கம். மேலே தேதி. இதனால் ரத்தாகும் பழைய உத்தரவு எது என்று ஒரு வரி. ஏன் மாறியது என்று நான்கு வரி. தாய்மார் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள், பதிலோடு. அடியில், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண், அதை எடுக்க ஓர் ஆள். அதைத் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டிக்கு மேல் சுவரில் ஒட்டி, பழையதைக் கிழித்துவிட வேண்டும். எந்தக் குப்பியைத் திறந்த பிறகு 28 நாள்வரை வைத்துக்கொள்ளலாம், எதை நான்கு மணி நேரத்தில் ஒதுக்கிவிட வேண்டும் என்பது போன்ற உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களை ஞாபகத்தை நம்பி விடக் கூடாது.

இதற்கான இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாநிலம் முழுவதிலுமிருந்து சுகாதார ஊழியர்கள் பயிற்சிக்கு வந்துபோகும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியில்தான். 2021 ஜூலையில் பி.சி.வி. ஊசியைத் தமிழ்நாட்டில் தொடங்கிவைத்ததும் அங்கேதான். சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலம், ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லி சுகாதார மாவட்டம் மூன்றின் செவிலியர்களையும் மாதம் ஒரு முறை, ஊசி நாளான புதன் தவிர்த்த ஒரு நாளில், அங்கே ஒரே அறையில் உட்காரவைக்கலாம். பேசுவதில் பாதி நேரம் அவர்களுடையதாக இருக்கட்டும். லாங் சைஸ் நோட்டுகளில் கிடக்கும் கேள்விக்குறிகளுக்குப் பதில் அங்கே கிடைக்கும். ஊசி மேஜையில் என்ன கேட்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கும் தெரியவரும்.

இதைத் தள்ளிப்போட முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது தமிழக அரசு. குழந்தை ஊசி போல இது இருக்காது. வளர்ந்த பெண், பள்ளிக்கூடம், வீட்டில் அப்பாவும் பாட்டியும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். நாளைக்குக் குழந்தை பிறக்குமா, இந்த வயதில் எதற்கு, பையன்களுக்கு ஏன் இல்லை, ஊசி போட்டதும் மயக்கம் வருகிறதாமே என்று கேட்பார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இந்த நாலு கேள்விக்கும் ஒரே பதிலைத் தடுமாறாமல் சொல்ல, செவிலியரும் பள்ளி ஆசிரியரும் முதல் பெட்டி வந்து இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தயாராகியிருக்க வேண்டும்.